செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி மாற்றத் தீர்மானம் போடும் முன்



நம் கூட்டமைப்பில் வண்டி வைத்திருக்கும் குழுக்கள் இப்போது பல இருக்கின்றன. காய்கறி ஏற்றும் குட்டி யானை, பால் கேன் ஏற்றும் லோடு ஆட்டோ, வாடகைக்கு உழவு ஓட்டும் டிராக்டர் என்று அவரவர் ஊருக்கு ஏற்றபடி வாங்கியிருக்கிறார்கள். அநேகமாக எல்லாமே பழைய வண்டிதான். யாரோ ஆறேழு வருடம் ஓட்டிவிட்டு விற்றதை, வங்கிக் கடனோடு நம் சேமிப்பையும் போட்டு வாங்கியிருக்கிறோம். தவணை மாதா மாதம் கட்டியாக வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றாலும் அந்த நாள் வாடகை போச்சு. தவணை மட்டும் நிற்காது.

பழைய வண்டியில் முதலில் மக்கர் பண்ணுவது என்ஜின் அல்ல. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும்தான். குழுக்களின் தீர்மான நோட்டைத் தணிக்கைக்காகப் புரட்டும்போது நாங்கள் அடிக்கடி பார்க்கும் வரி ஒன்று உண்டு: "வண்டிக்குப் பேட்டரி மாற்றும் செலவுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது." ஒரே வண்டிக்கு இரண்டு வருடத்தில் இரண்டு தடவை இப்படி எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறோம். நல்ல பேட்டரி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், நம் வெயிலிலும் மூன்று நான்கு வருடம் உழைக்கும். அப்படியென்றால் பணம் எங்கே போகிறது? பல தடவை கெட்டுப்போனது பேட்டரியே இல்லை. பழுது வேறு எங்கோ இருக்க, செலவு பேட்டரிக்கு ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பாடம். மெக்கானிக் வேலை படிக்கச் சொல்லவில்லை. காசோலையில் கையெழுத்துப் போடும் முன் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய சில விஷயங்களைத்தான் சொல்லப்போகிறோம்.

ஏரி, மதகு, வயல்

பேட்டரியை ஒரு ஏரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது தண்ணீருக்குப் பதில் கரண்ட். என்ஜின் ஓடும்போது பேன் பெல்ட் வழியாக டைனமோ சுற்றுகிறது. அதுதான் ஏரிக்கு வரத்துக்கால். ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளும் பெரிய வயல் செல்ஃப் மோட்டார். நடுவில் மதகு மாதிரி இருப்பவை பேட்டரியின் தலையில் உள்ள இரண்டு டெர்மினல்களும், அவற்றிலிருந்து போகும் தடித்த வயர்களும்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஏரி வற்றியிருக்கலாம். வரத்துக்கால் தூர்ந்திருக்கலாம். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மதகில் செத்தை அடைத்திருக்கலாம். இல்லை, வயலிலேயே கோளாறு இருக்கலாம். வண்டியிலும் இதே நான்குதான். ஆனால் "செல்ஃப் எடுக்கல" என்றதும் எல்லோரும் ஏரியைத்தான் குறை சொல்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. ஒரு ஹெட்லைட் பல்பு எரிய 5 ஆம்பியர் அளவு கரண்ட் போதும். செல்ஃப் மோட்டார் ஒரு சின்ன டீசல் என்ஜினைச் சுற்றிவிட அந்தச் சில நொடிகளுக்கு 100, 200 ஆம்பியர் கூட இழுக்கும். டெர்மினலில் கொஞ்சம் பூத்திருந்தால் லைட்டுக்கு வேண்டிய கரண்ட் அதன் வழியே எப்படியோ போய்விடும். செல்ஃபுக்கு வேண்டியது போகாது. அதனால்தான் "லைட்டு நல்லா எரியுது, ஹாரன் அடிக்குது, ஆனா செல்ஃப் மட்டும் எடுக்கல" என்று டிரைவர் தம்பிகள் குழம்பிப்போகிறார்கள்.

லைட்டைப் போட்டு ஒரு சோதனை

இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். இரண்டு பேர் இருந்தால் போதும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் வண்டிக்கு முன்னால் சற்று ஓரமாக நின்று வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மற்றவர் சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்க வேண்டும்.

அப்போது லைட் அடியோடு அணைந்துபோனால், பேட்டரி நன்றாக இறங்கியிருக்கிறது, அல்லது மதகு அடைத்திருக்கிறது. டெர்மினலையும் எர்த் வயரையும் முதலில் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது லைட்டில் ஒரு மாற்றமும் இல்லை, செல்ஃபிலும் சத்தமே இல்லை என்றால், கரண்ட் அந்தப் பக்கமே போகவில்லை என்று பொருள். சாவி சுவிட்ச், ஃபியூஸ், செல்ஃபுக்குப் போகும் சின்ன வயர் இவற்றில் ஏதாவது விட்டிருக்கும். லைட் நன்றாக மங்குகிறது, "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அதற்கு மேல் சுற்றவில்லை என்றால், செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். "டக டக டக டக" என்று வேகமாக அடித்துக்கொண்டால் அநேகமாக பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் லூஸ்.

நம் குழு ஒன்றில் நடந்தது இது. விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தைக்குப் போகவேண்டிய வண்டி. தக்காளிக் கூடைகளை ஏற்றிவிட்டார்கள். செல்ஃப் எடுக்கவில்லை. டிரைவர், "அக்கா, பேட்டரி உக்காந்துருச்சு. புதுசு வாங்குனாத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டார். ஐந்தாயிரம் ரூபாய் என்று பேச்சு. பொருளாளர் வீட்டுக்கு ஆள் அனுப்பக்கூடப் போனார்கள். பயிற்சிக்கு வந்திருந்த உறுப்பினர் ஒருவர், "இரு தம்பி, லைட்டப் போட்டுட்டு ஒரு தடவ அடி, பாப்போம்" என்றார். லைட் பொசுக்கென்று அணைந்தது. டெர்மினல் இரண்டும் சுத்தமாக இருந்தன. அப்புறம் டார்ச் அடித்துக் கறுப்பு வயரின் மறுமுனையைத் தேடினார்கள். அது வண்டியின் சேசிஸில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும் இடம். அங்கே துரு ஏறி, போல்ட்டைச் சுற்றி மண் அப்பியிருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி மாட்டினார்கள். செல்ஃப் எடுத்துவிட்டது. செலவு ஒரு உப்புத்தாள். வண்டி அன்று சந்தைக்குத் தாமதமாகப் போனதில் கொஞ்சம் விலை குறைந்தது உண்மை. ஆனால் அதே பேட்டரி அடுத்த பொங்கலையும் தாண்டி ஓடியது.

அந்த டிரைவர் ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. எர்த் வயரின் அந்த முனையை வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் பார்த்ததே இல்லை. உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மீட்டர் சொல்லும் உண்மை

எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். வண்டி உள்ள ஒவ்வொரு குழுவும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து. டி.சி. 20 வோல்ட் என்ற இடத்தில் திருப்பி வைத்து, சிவப்புக் கம்பியைப் பிளஸ் டெர்மினலிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தால் எண் தெரியும். தெர்மாமீட்டரில் காய்ச்சல் பார்ப்பது போலத்தான்.

பார்க்கவேண்டிய நேரம் முக்கியம். ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் எண் கூடுதலாகக் காட்டும். ராத்திரி நிறுத்திய வண்டியை, காலையில் சாவி போடும் முன் பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது சற்று மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே போனால் கால் பங்குகூட இல்லை, அன்றைக்கே சார்ஜுக்குப் போட வேண்டும். பாருங்கள், நிறைந்ததற்கும் காலியானதற்கும் நடுவில் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். "பன்னெண்டு காட்டுது, அப்ப சரிதான்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அப்புறம் ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்கட்டும். எண் இறங்கும். அது இயல்பு. ஆனால் காலையில் 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9, 8 என்று சரிந்தால் உள்ளே பிளேட் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். செல்ஃப் உள்ளே இறுகிப்போய் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலும் இப்படி இறங்கும். ஆகவே இந்த இடத்தில் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லுங்கள். 10-க்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் என்ஜின் சுற்றவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் இன்னொரு தடவை பாருங்கள். இப்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் காட்ட வேண்டும். அப்படியென்றால் வரத்துக்காலில் தண்ணீர் வருகிறது. என்ஜின் ஓடும்போதும் 12.4, 12.3 என்று காட்டினால் டைனமோ சார்ஜ் பண்ணவில்லை. இந்த நிலையில் புதுப் பேட்டரி போட்டால் என்ன ஆகும்? இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அதுவும் இறங்கிவிடும். இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கிய குழுவின் கதை அநேகமாக இதுதான். அதே நேரம் 15-க்கு மேல் காட்டினாலும் ஆபத்து. அளவுக்கு மேல் சார்ஜ் ஏறி, தண்ணீர் கொதித்து வற்றி, பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும்.

மீட்டர் இல்லாதவர்கள் டேஷ்போர்டில் உள்ள சிவப்புப் பேட்டரிப் படத்தைப் பாருங்கள். சாவி போட்டதும் எரிந்து, வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் டைனமோவையும் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டை, என்ஜின் நின்ற பிறகு, நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் சரி. தொளதொளவென்று இருந்தால் டைனமோ சரியாகச் சுற்றாது. ஸ்டார்ட் பண்ணியதும் "கீச்ச்" என்று கத்துகிற பெல்ட் இறுக்கச் சொல்லித்தான் கத்துகிறது.

தண்ணீர் ஊற்றுவது

மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பேட்டரியில் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வொரு அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆறும் சேர்ந்துதான் 12 வோல்ட் பேட்டரி. உள்ளே காரீயப் பிளேட்டுகள் கந்தக அமிலம் கலந்த தண்ணீரில் மூழ்கியிருக்கும். இந்த அமைப்பைப் பிரான்ஸ் நாட்டுக்காரர் காஸ்தோன் பிளான்தே 1859-ல் கண்டுபிடித்தார். இத்தனை வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

ஓட ஓட, வெயிலில் நிற்க நிற்க, தண்ணீர் மட்டும் வற்றும். ஆசிட் வற்றாது. அதனால் ஊற்றவேண்டியது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. "ஆசிட் போட்டா பவர் ஏறும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏறாது, பிளேட்தான் அரிக்கும். சாதாரண மாதங்களில் மாதம் ஒரு தடவை, சித்திரை வைகாசியில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். பக்கவாட்டில் மேல்கோடு, கீழ்கோடு இருக்கும். கோடு இல்லையென்றால் பிளேட்டுக்கு மேல் ஒரு விரல் கனம் நிற்க வேண்டும். பிளேட் வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி காய்ந்து கெட்டுப்போகும். வழிய வழிய ஊற்றினாலும் ஆசிட் பொங்கி வெளியே வந்து டெர்மினல் பூக்கும். ஓட்டி வந்த பிறகு ஊற்றுவதே நல்லது. பிளேட் தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், முதலில் பிளேட் மூழ்கும்வரை ஊற்றி, ஓட்டிவிட்டு வந்து மீதியை ஊற்றுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் இதற்குக் காய்ச்சி வடித்த நீர் என்று பெயர். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றியிருக்கிறார். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது அத்தனையும் தண்ணீரிலுள்ள உப்புதான். ஆவியைப் பிடித்துக் குளிரவைத்த நீர்தான் டிஸ்டில்டு வாட்டர். ஒரு பாட்டில் விலை டீ, வடைச் செலவுக்குள் அடங்கிவிடும். போர் தண்ணீர், கேன் தண்ணீர், மழைத்தண்ணீர் எதுவும் வேண்டாம்.

சில பேட்டரிகளில் மூடியே இருக்காது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்று விற்பார்கள். சிலவற்றின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருக்கும். பச்சை என்றால் நல்லது. கறுப்பு என்றால் சார்ஜ் போட வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே நீர் குறைந்துவிட்டது. அந்தக் கண் ஆறு அறைகளில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது என்பதையும் ஞாபகம் வையுங்கள். தண்ணீர் வேண்டாம் என்றாலும் டெர்மினல் சுத்தம் செய்வது இதற்கும் உண்டு.

டெர்மினல் சுத்தம் செய்யும் முன் வளையலைக் கழற்றுங்கள்

இதை நாங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தங்கமோ தகரமோ, உலோகம் எல்லாம் கரண்டைக் கடத்தும். குனிந்து வேலை பார்க்கும்போது தாலிக்கொடியோ சங்கிலியோ ஒரு பக்கம் பிளஸ் டெர்மினலிலும் இன்னொரு பக்கம் வண்டியின் இரும்பிலும் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். சங்கிலி ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் ரவிக்கைக்குள் போட்டு, மேலே ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். ஆசிட் பட்ட பருத்திச் சேலை அப்போது ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும். இரண்டு தடவை துவைத்தால் ஓட்டை ஓட்டையாக விடும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடிக்கும். மூடியைத் திறந்து தண்ணீர் தெரிகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, பக்கத்தில் பீடி பிடிப்பது இரண்டும் கூடவே கூடாது. கண்ணில் ஆசிட் தெறித்துவிட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். காரணம் இதுதான்: வண்டியின் இரும்பு முழுவதும் மைனஸ். பிளஸை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். மைனஸ் கழன்ற பிறகு அந்தப் பயம் இல்லை. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு வந்துவிடும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, டெர்மினலையும் வயர் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் தேயுங்கள். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வேஸ்லின் தடவுங்கள். கிரீஸை உள்ளே தடவி மாட்டுகிறார்கள், அது வேண்டாம்.

இதோடு பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டையையும் இறுக்கிவிடுங்கள். நம் ஊர் ரோட்டில் பேட்டரி ஆடிக்கொண்டே போனால் பிளேட் உதிர்ந்துவிடும்.

செல்ஃப் மோட்டாருக்கும் மூச்சு வாங்கும்

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் செல்ஃப் கிடையாது. முன்னால் நின்று கம்பியை மாட்டிச் சுற்ற வேண்டும். கம்பி திருப்பி அடித்துக் கை ஒடிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் 1912-ல் கெடிலாக் கார்களில் வந்தது. அது பரவிய பிறகு கைபலம் இல்லாதவர்களும் தனியாக வண்டி எடுக்க முடிந்தது. பெண்கள் வண்டி ஓட்ட இது பெரிய உதவி.

அந்த மோட்டார் சில நொடி வேலைக்காகச் செய்தது. ஒரு தடவையில் ஐந்து, மிஞ்சினால் பத்து நொடி. எடுக்கவில்லையா, அரை நிமிடமாவது விட்டு மறுபடி அடியுங்கள். மூன்று நான்கு தடவைக்குப் பிறகும் எடுக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். விடாமல் அடித்தால் வைண்டிங் கருகும், பேட்டரியும் இறங்கும். ஓடுகிற என்ஜினில் செல்ஃப் அடித்தால் "கர்ர்ர்" என்று பல் மோதி உடையும்.

மோட்டார் மட்டும் "விய்ய்" என்று சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை என்றால் பென்டிக்ஸ் போயிருக்கும். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது, மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் எடுக்கும் என்றால் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கும். தட்டித் தட்டி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். கார்பனும் புஷ்ஷும் மாற்ற ஆகும் செலவு, புது மோட்டார் விலையோடு பார்த்தால் மிகச் சின்னது. "செல்ஃபே மாத்தணும்" என்று கடையில் சொன்னால், கழற்றிய மோட்டாரை உங்கள் முன்னால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது, காசு நம்முடையது.

அவசரத்துக்குத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போடும்போது பிளஸோடு பிளஸ் கொடுத்து, மைனஸ் வயரின் கடைசி முனையை நம் பேட்டரியில் வைக்காமல், சற்றுத் தள்ளி என்ஜின் இரும்பில் வையுங்கள். பொறி வந்தாலும் வாயு இருக்கும் இடத்தில் வராது. என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "டைனமோ டெஸ்ட்" பண்ணுகிறவர்களை அனுமதிக்காதீர்கள். டைனமோவின் உள்ளே இருக்கும் டயோடு போய்விடும்.

உறுப்பினர்களின் பிள்ளைகள் சிலர் டாக்ஸிக்குப் பழைய ஹைபிரிட் கார் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். அது வேறு சாதி. ஜப்பானில் 1997-ல் வந்த டொயோட்டா பிரியஸ் போன்ற கார்களில், தனியாகச் செல்ஃப் மோட்டார் கிடையாது. பெரிய மின் மோட்டாரே என்ஜினைச் சுற்றிவிடும். 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட பெரிய பேட்டரி ஒன்றும், நம் வண்டியில் உள்ளது போல 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கும். பெரியது நிறைந்திருந்தாலும் சின்னது இறங்கிவிட்டால் கார் விழிக்காது. அந்தச் சின்னதை மேலே சொன்னபடி மீட்டர் வைத்துப் பார்க்கலாம். பெரிய பேட்டரிக்குக் காற்று போகும் ஜன்னல் பின்சீட்டுப் பக்கம் இருக்கும், அதைத் துணி, மூட்டை வைத்து அடைக்கக் கூடாது. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடவே கூடாது. அது உயிரை எடுக்கும் வோல்ட். பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டும்தான் கை வைக்க வேண்டும்.

வண்டி நிற்கும் நாட்கள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வண்டிகள் வாரக்கணக்கில் நின்றன. திறந்ததும் எடுக்கப் போனால் பல பேட்டரிகள் உயிரோடு இல்லை. பேட்டரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகப் படியும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்று தெரிந்தால் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒரு தடவை கடையில் கொடுத்து மெதுவான சார்ஜ் போட்டு வாங்குங்கள். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதால் பயன் இல்லை, செல்ஃப் எடுத்ததைக்கூட அது திருப்பித் தராது. வண்டியில் பாட்டுப் பெட்டி, சீரியல் லைட், கூடுதல் ஃபோகஸ் லைட் மாட்டியிருந்தால் சாவியை எடுத்த பிறகும் அவை கரண்ட் இழுக்கின்றனவா என்று பாருங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

சோதனை எல்லாம் பார்த்து, பேட்டரிதான் போய்விட்டது என்று உறுதியானால் வாங்குங்கள். பழையதில் எத்தனை ஏ.ஹெச். என்று எழுதியிருக்கிறதோ, அதைக் குறைக்காதீர்கள். செய்த தேதி எது என்று கேளுங்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்ததை வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரண்டி கார்டில் குழுப் பெயர், வண்டி எண், தேதி எழுதி, கடை முத்திரையோடு வாங்கி, கடன் ஆவணங்களோடு வையுங்கள். வாரண்டியில் எத்தனை மாதத்துக்கு முழுவதும் இலவச மாற்று, எத்தனை மாதத்துக்குக் கழிவு மட்டும் என்று பிரித்து எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழித்தார்கள் என்பதும் ரசீதில் வரட்டும். அந்தப் பணம் குழுவின் வரவு, டிரைவரின் டீக்காசு அல்ல.

பழையதைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். சில இடங்களில் வீட்டுக் கொல்லையிலேயே உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, காரீயத்தை அடுப்பில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மண்ணில் படிந்தால் வருடக்கணக்கில் போகாது. பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி போட்டது. 2022-ல் அதற்குப் பதிலாகப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்து, பொறுப்பு தயாரிப்பாளர்கள் தலையில் ஏற்றப்பட்டது. ஆகவே புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

வண்டி நோட்டில் டீசல், வாடகைக்கு அடுத்து ஒரு பக்கம் பேட்டரிக்கு ஒதுக்குங்கள். தேதி, காலை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது வோல்ட், ஓடும்போது வோல்ட், ஊற்றிய தண்ணீர் என்று ஐந்து கட்டம் போதும். மாதம் ஒரு வரி. ஊக்குநரும் பிரதிநிதியும் முறை வைத்து எழுதலாம். எண் மாதா மாதம் இறங்கி வந்தால், வண்டி நடுரோட்டில் நிற்கும் முன்பே தெரிந்துவிடும்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு நாங்கள் மீட்டர் கொண்டு வருகிறோம். வண்டி உள்ள குழுக்கள் முதல் நாள் மாலையே வண்டியைக் கூட்டம் நடக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். காலையில் நாங்கள் வரும்வரை யாரும் சாவி போட வேண்டாம்.